மஞ்சள் தடவிய கார்டு

எங்கள் வீட்டுப் பெண்கள் சீட்டாடுகிறார்கள் என்ற செய்தி தெரு முழுக்கப் பரவ ஒரு மழைக்கால மதியம் போதுமானதாக இருந்தது. மாடியில் காயப்போட்ட துணியை அள்ள ஓடி வந்த எதிர்வீட்டு அக்கா, ஜன்னல் வழியாக என்னையும் அண்ணியையும் பார்த்துவிட்டார். இருவர் கையிலும் விரித்துப் பிடித்த கார்டுகள், நடுவில் தரையில் இன்னும் சில. அன்று சாயங்காலமே அம்மாவிடம் வந்து, "உங்க மருமவ நல்ல பொண்ணாச்சே, எப்படி இப்படி?" என்று கேட்டிருக்கிறார். மகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் எதிர்பார்க்கக்கூடியதுதான் என்று விட்டிருப்பார்.

அம்மா கொதித்துப்போய் உள்ளே வந்தாள். "சீட்டாடுற வூடா இது? உங்கப்பா உசுரோட இருந்திருந்தா..."

"இருந்திருந்தா அவரும் ஒரு கை போட்டிருப்பாரும்மா" என்றேன்.

அன்றைக்கு எனக்கு யாரும் சாப்பாடு போடவில்லை. நானே போய்ப் போட்டுக்கொண்டேன்.

அது ரம்மி இல்லை, காசு வைத்து ஆடுகிற எதுவும் இல்லை என்று அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இந்த விளையாட்டில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு சீட்டுக்கட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதில் வீரர்கள் இருப்பார்கள், மந்திரங்கள் இருக்கும், பறப்பவை நீந்துபவை எல்லாம் இருக்கும். ஒவ்வொரு கார்டிலும் அது என்ன செய்யும் என்று எழுதியிருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, கட்டின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இறக்கி, எதிராளியின் உயிரைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். யாருடைய உயிர் முதலில் தீருகிறதோ அவர் தோற்றார். குழாயடிச் சண்டையை மேஜையில் உட்கார்ந்து போடுவது மாதிரிதான்.

இந்தப் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டு வந்தது அண்ணன். காலேஜ் ஹாஸ்டலில் ஆடியதாம். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்து, "என்னங்க இது?" என்று கேட்க, அண்ணன் எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தான். ஒரு வாரத்தில் அண்ணி அவனை வரிசையாகத் தோற்கடிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவனுக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் திடீரென்று ஷிப்ட் வேலை அதிகமாகிவிட்டது. பெட்டி எங்கள் இருவருக்கும் வந்து சேர்ந்தது.

அண்ணி வீட்டிலிருந்தே பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறவர். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊசியால் மயிலும் மாங்காயும் போடுவார். நான் வேலை பார்ப்பது கல்யாணப் பத்திரிகைக் கடையில். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவேன், வெட்டும் மெஷினில் நிற்பேன், மாப்பிள்ளையின் பெரியப்பா பெயர் விட்டுப்போனால் திட்டு வாங்குவேன். திருப்பியும் திட்டுவேன். அதனால்தான் முதலாளி என்னைப் பெரும்பாலும் உள்ளே வைத்திருக்கிறார்.

கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில், மாடியில், இந்த மாதிரி விளையாட்டுகளுக்கென்றே ஒரு காப்பிக் கடை இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்ததும் நேராக அண்ணியிடம் போய் நின்றேன். அங்கே போட்டி நடத்துகிறார்கள். சென்னையிலிருந்து பைக்கில் வருகிறவர்கள், கோரிமேட்டில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள், வெளிநாட்டுக்காரர்கள் என்று கூடுவார்கள். சிக்கல் ஒன்றுதான். அண்ணன் பெட்டியில் இருந்தவை பழகுவதற்கான சாதாரணக் கார்டுகள். ஜெயிக்க வைக்கும் கார்டுகளைத் தனியாக வாங்க வேண்டும். அவற்றின் விலையைக் கேட்டதும் அண்ணி சிரித்தேவிட்டார். "இதுக்கு ஒரு பட்டுப்பொடவ எடுத்துட்டு வூட்டுல ஒக்காந்துக்கலாம் பாப்பா" என்றார். எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அண்ணிக்கு நான் இன்னும் பாப்பாதான்.

ஆனால் அந்தக் கடையில் ஒரு சலுகை இருந்தது. கையில் இல்லாத கார்டுக்குப் பதிலாக, அதன் பெயரையும் விதியையும் அட்டையில் கையால் எழுதி, பின்பக்கத்தை மறைக்கும் உறையில் போட்டு ஆடலாம். அதை ப்ராக்ஸி என்பார்கள். கள்ள நோட்டு அடிக்கிற வேலை இல்லை இது. யாரையும் நம்பவைக்க அல்ல, பார்த்த மாத்திரத்தில் கையால் செய்தது என்று தெரிய வேண்டும். முன்பக்கம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், எதிராளிக்குப் படிக்க முடிந்தால் போதும். பின்பக்கம்தான் முக்கியம். எல்லாக் கார்டும் பின்னாலிருந்து ஒரே மாதிரி இருக்க வேண்டும். கட்டின் மேலே அடுத்து இருப்பது என்ன என்று பார்வையிலோ தடவலிலோ தெரிந்துவிட்டால், அது ஏமாற்று வேலை.

ஆனி மாதத்துப் போட்டிக்கு நாங்கள் முதல் கட்டைச் செய்தோம். எழுத்து என்னுடையது, படம் அண்ணியுடையது. படம் தேவையில்லை என்று சொன்னால் அவர் கேட்கவில்லை. "மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். எங்கள் கட்டிலேயே பலமானது ஒரு கடல் நாகம். அது களத்தில் இறங்கினால் எதிராளி இறக்கி வைத்த படை மொத்தமும் அவர் கைக்கே திரும்பிப் போய்விடும். அந்த நாகத்துக்கு அண்ணி போட்ட முகம், பால் பொங்கி வழிந்ததைப் பார்த்து நிற்கும் அம்மாவின் முகமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். அம்மாவிடம் காட்டவில்லை.

முதல் சுற்றில் ஜெயித்தேன். இரண்டாவது சுற்றில் எதிரே உட்கார்ந்தவர் பிரான்ஸிலிருந்து வக்கான்ஸுக்கு வந்தவர். லீவு என்று சொன்னால் பிரான்ஸில் குடியேறிய எங்கள் ஊர்க் குடும்பங்களில் யாருக்கும் புரியாது, வக்கான்ஸ்தான். பாரிஸ் பக்கம் வேலை, பெற்றோர் இங்கே எங்கள் ஊர் உப்பளம் பகுதியில். இஸ்திரி போட்ட சட்டை. அவருடைய கட்டில் இருந்தவை எல்லாம் வாங்கிய கார்டுகள், அவற்றில் சில பளபளவென்று கண்ணாடித்தாள் ஒட்டினாற்போல மின்னுபவை. என் கட்டைக் கலைத்துத் தருவதற்காகக் கையில் வாங்கியவர், ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு கடைக்காரரைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

"இவங்க டெக்ல ஒரு கார்டோட மூலை மட்டும் மஞ்சளா இருக்கு. அது எப்ப மேல வருதுன்னு அவங்களுக்குத் தெரியும். எனக்கே தெரியுதே."

கடைக்காரர்தான் அங்கே நடுவரும். வெள்ளை உறைகளுக்கு நடுவே மஞ்சள் படிந்த அந்த ஒன்றை உருவித் திருப்பினார். அம்மாவின் முகத்தோடு கடல் நாகம்.

ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் ஏமாத்துவேனா? ஏமாத்துறவ மூஞ்சியா இது?" என்று கத்தினேன். அப்படிக் கத்தினால் எந்த மூஞ்சியும் ஏமாற்றுகிறவர் மூஞ்சியாகத்தான் தெரியும் என்பது அப்போது தோன்றவில்லை. இஸ்திரிச் சட்டைக்காரர் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னு சொல்லல. ஆனா கையால செஞ்சா இப்படித்தான் ஆவும்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைச் சுட்டது.

கடைக்காரர் என்னைப் போட்டியிலிருந்து நீக்கினார். அதோடு நிற்கவில்லை. "ஆடிக் கடைசியில அடுத்த போட்டி வெச்சிருக்கேன். அதுலயும் கையால செஞ்ச கார்டால ஒரு பிரச்சன வந்துதுன்னா, அப்புறம் ஒரிஜினல் மட்டும்தான். எனக்கும் வேற வழியில்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கோரிமேட்டுப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அவர்களுடைய கட்டுகளிலும் பாதி கையால் எழுதியவை. ஒரிஜினல் மட்டும் என்றால் அவர்களுக்கும் எனக்கும் அந்த மாடிப்படியில் இனிமேல் வேலை இல்லை.

என் ஆட்டத்தைப் பார்க்கக் கூட வந்திருந்த அண்ணி, திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்கள் முத்தியால்பேட்டைக்குள் நுழைந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பாப்பா, அது நான்தான்."

வண்டியை ஓரம் கட்டினேன். காலையில் கிளம்புவதற்கு முன்னால் கட்டைச் சாமி படத்துக்கு முன் வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே நாகம். புதுசாக ஒரு காரியம் ஆரம்பிக்கிறோமே என்று, பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவி, கும்பிட்டுவிட்டு, முந்தானையால் துடைத்தும் இருக்கிறார். துடைத்தால் போகிறதா மஞ்சள்?

"அது என்னா கல்யாணப் பத்திரிகையா அண்ணி, நாலு மூலையில மஞ்ச தடவ?"

"நல்லது நடக்கட்டும்னுதானே வெச்சேன்."

"நடந்துச்சே! நல்லாவே நடந்துச்சு!"

சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் அந்த இஸ்திரிச் சட்டையின் மேல்தான். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதால் வந்த கோபம். தப்பாகப் பேசியிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

சில நாட்கள் நான் அண்ணியோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடைசியில் ஒரு காலையில் அண்ணி ஆரி சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, டீயோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். "கையால செஞ்சா இப்படித்தான் ஆவுமாம். எங் கையாலதான் பாதி ஊரு பொண்ணுங்க கல்யாணத்துக்கு பிளவுஸு போட்டுக்குது. எப்படி ஆவுதுன்னு காட்டுவோம் பாப்பா" என்றார். டீயை வாங்கிக்கொண்டேன். கோபம் அதோடு போய்விட்டது.

ஆடி பிறந்தால் பத்திரிகைக் கடையில் ஈ ஓட்டுவோம். யாரும் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். மெஷின் சும்மா நிற்கும், வெட்டி மீந்த அட்டைகள் மூலையில் குவிந்து கிடக்கும். "எடுத்துக்கோ, ஆனா வெரல வெட்டிக்காத" என்றார் முதலாளி. எனக்கு அது போதும்.

முதலில் வழக்கமான முறையில்தான் செய்து பார்த்தோம். பழைய கார்டின் மேல் எழுதிய காகிதத்தை ஒட்டினால் தடிமனாகிறது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே தெரிந்துவிடும். இரண்டு மெல்லிய அட்டைகளைப் பசை போட்டுச் சேர்த்தால், காயும்போது பொரித்த அப்பளமாக வளைகிறது. ஒட்டுகிற வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தோம். அசல் கார்டின் கனத்துக்கு ஈடான ஒற்றை அட்டையைத் தேட ஆரம்பித்தேன். கடையில் இருந்த அட்டைகள் ஒவ்வொன்றையும் அசலோடு சேர்த்துப் பிடித்து, வளைத்து, காதருகே சுண்டிக்கூடப் பார்த்தேன். முதலாளி என்னைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். கடைசியில் அகப்பட்டது, யாரும் எடுக்காமல் தூசி படிந்து கிடந்த ஒரு வகை அட்டை. காதுகுத்துப் பத்திரிகைக்கென்று வாங்கி, நிறம் பிடிக்காமல் ஒதுக்கியது.

இன்னொன்றும் முடிவு செய்தோம். கட்டில் சில கார்டுகள் வாங்கியவை, சில செய்தவை என்று கலந்து இருந்தால்தானே வித்தியாசம் தெரியும்? மொத்தக் கட்டையும் செய்துவிட்டால்? சாதாரணமாக எல்லோரிடமும் கிடக்கும் கார்டுகளைக்கூட விடாமல், ஒரே அட்டையில், ஒரே வாட்டத்தில் வெட்டினேன். காகிதத்துக்கு நெடுக்கு குறுக்கு உண்டு, ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். எல்லாம் ஒரே பக்கமாக இருந்தால்தான் ஒற்றுமையாக இருக்கும். ஐடி கார்டுக்கு மூலையை வளைத்து வெட்டும் கருவி கடையில் இருந்தது. அதை வைத்து மூலைகளை உருட்டினேன். மதிய நேரங்களில் அண்ணி படம் போட, நான் பக்கத்தில் உட்கார்ந்து விதிகளை எழுதினேன். எழுதி முடித்ததைத் துணியில் சுற்றி, அதன் மேல் கிரைண்டர் கல்லைத் தூக்கி வைத்தோம்.

அம்மா ஊறப்போட்ட அரிசியோடு வந்து நின்றாள். "கல்லு எங்கடி?"

"சாயங்காலம் தர்றோம்மா."

"அப்ப இட்லிக்கு உங்க சீட்டையே அவிச்சித் தின்னுங்க."

உறை வாங்கப் போனபோது நான் கறுப்பு எடுத்தேன். அண்ணிக்கு முகம் சுருங்கியது. "நல்ல காரியத்துக்குக் கறுப்பா?" என்றார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். "சரி சரி, கறுப்பே எடு" என்றார்.

கட்டு தயாரானதும் வீட்டிலேயே ஒரு சோதனை வைத்தோம். அண்ணன் பெட்டியிலிருந்த அசல் கார்டுகள் கொஞ்சத்தை நடுவில் செருகி, எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னோம். அண்ணன் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுத் தப்புத் தப்பாகச் சொன்னான். அந்தப் பக்கமாக வந்த அம்மாவையும் பிடித்து உட்கார வைத்தேன். முதலில் கையே வைக்க மாட்டேன் என்றாள். பிறகு அரிசியில் கல் பார்க்கிற விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது" என்று எழுந்து போனாள். நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவின் விரலே ஏமாந்தால் பிறகு யாருக்கு என்ன பயம்?

போட்டியன்று கிளம்பும்போது அண்ணியின் பத்து விரலையும் நீட்டச் சொல்லிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. சாமி அறைப் பக்கம் அவர் கொண்டுபோகாமல் இருக்க, கட்டை நானே இரவிலிருந்து என் பைக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

மாடி ஹாலில் ஏ.சி. குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் என் கட்டை மட்டும் இரண்டு முறை சோதித்தார். ஓரத்தைப் பார்த்தார், மேஜையில் வைத்துத் தட்டினார், விசிறியாக விரித்து விளக்கில் காட்டினார். "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். கோரிமேட்டுப் பிள்ளைகளில் ஒரு பெண் எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாள்.

அன்று என் கை ஓங்கியே இருந்தது. சென்னையிலிருந்து வந்த ஒருவரை அவர் காப்பி ஆறுவதற்குள் முடித்தேன். அடுத்தவர் கொஞ்சம் தாக்குப் பிடித்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுதிச் சுற்று என்று பலகையில் எழுதினார்கள். ஒரு பக்கம் நான். மறுபக்கம் அதே இஸ்திரிச் சட்டை. அவருக்கு அடுத்த வாரம் விமானம், வக்கான்ஸ் முடிகிறது.

மூன்று ஆட்டங்களில் இரண்டை எடுப்பவருக்கு வெற்றி. முதல் ஆட்டத்தை அவர் எடுத்தார். அவரிடம் ஒரு தேவதைக் கார்டு இருந்தது. அதுவும் பளபளப்புதான். அது இறங்கிவிட்டால் நான் எதை அனுப்பினாலும் தடுத்துவிடும். இரண்டாவது ஆட்டம் எனக்கு வந்தது. மூன்றாவதுக்குக் கார்டுகளைக் கலைக்கும்போது கரண்ட் போனது.

ஆடிக் கடைசி மதியம், மாடி, ஹால் நிறைய ஆட்கள். இன்வெர்ட்டரில் விளக்கும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடின. வேர்த்துக் கொட்ட ஆரம்பித்ததும் கடைக்காரர் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். கடற்காற்று உள்ளே வந்தது. பிசுபிசுவென்று உப்பும் ஈரமுமாக, எங்கள் ஊருக்கே உரிய காற்று. கரண்ட் வரும் வரை இருக்கட்டும் என்று ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். எல்லோரும் சட்டைக் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் சும்மா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கட்டு செங்கல்லாகச் சமமாக இருந்தது. அவருடைய கட்டு சமமாக இல்லை. மேலே ஒரு கார்டு முதுகைத் தூக்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கீழே ஓர் இடைவெளி, அதற்கும் கீழே இன்னொன்று. பளபளப்புக் கார்டுகள் ஒவ்வொன்றாக வளைந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் மின்னும் தாள், மறுபக்கம் காகிதம். காகிதம் ஈரத்தைக் குடித்து நீளுகிறது, தாள் நீளுவதில்லை. எங்கள் கடையில் மினுமினுப்புப் பத்திரிகைகளும் மழைக்காலத்தில் இப்படித்தான் வளையும். அவருடைய கட்டில் எது எங்கே இருக்கிறது என்று இப்போது யாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷம் பொங்கியது. மனசுக்குள் மத்தாப்பு. கையைத் தூக்கிக் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"இவரு டெக்ல எது மேல வருதுன்னு தெரியுது. எனக்கே தெரியுதே" என்றேன். அவர் சொன்ன வார்த்தையையே வைத்துச் சொன்னேன்.

அவர் தன் கட்டைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. தொட்டு அழுத்தினார், கையை எடுத்ததும் கார்டுகள் மறுபடி எழுந்துகொண்டன. "ஃபிரான்ஸ்ல ஒரு நாளும் இப்படி ஆனதில்ல" என்றார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். என்னை நீக்கிய அதே விதிப்படி இவரையும் நீக்க வேண்டும். "என்னைத் தூக்கிடுங்க. அதான் சரி" என்று அவரே சொன்னார். அதைச் சொல்லும்போது காது வரைக்கும் சிவந்திருந்தார்.

ஒரு வார்த்தை நான் பேசாமல் இருந்தால் போதும், கோப்பை எனக்கு. பின்னாலிருந்து அண்ணி என் முதுகில் விரலால் குத்தினார். காதருகே குனிந்து, "பாப்பா, ஒனக்கு இந்த ஆளு போவணுமா, இந்த ஆள ஜெயிக்கணுமா?" என்றார்.

அண்ணிக்கு என்னைத் தெரியும். ஆடாமல் ஜெயித்தால் அந்தக் கோப்பையை நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். கையால் செய்தால் என்ன ஆகும் என்று அந்த ஆளுக்குக் காட்டாமல் எனக்குத் தூக்கம் வராது.

"வளைஞ்சதெல்லாம் எடுத்துட்டு, பதிலுக்குக் கையால செஞ்சு போட்டா ஒத்துப்பீங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"அவரு ஒத்துக்கணும். அப்புறம், வித்தியாசம் தெரியக்கூடாது" என்றார் அவர். "செய்ய அட்டைக்கு எங்க போறது?"

அண்ணி ஏற்கெனவே பையைத் திறந்துவிட்டார். மிச்சமிருந்த வெற்று அட்டைகள், மூலை உருட்டியவை, கிரைண்டர் கல்லின் கீழ் கிடந்தவை, எல்லாம் உள்ளே இருந்தன. பேனாக்களும் இருந்தன. எங்கே போனாலும் ஊசியும் நூலும் கொண்டு போகிற கை அது, வேறெப்படி இருக்கும்?

இஸ்திரிச் சட்டைக்காரர் சரியென்று தலையாட்டிவிட்டு, வளைந்த ஒவ்வொரு கார்டின் விதியையும் படித்துச் சொல்ல, நான் எழுதினேன். "படம் எதுவும் வேணாங்க" என்றார் பணிவாக. "மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று அண்ணி அவரையும் கேட்டார். தேவதைக்கு மாதா கோயில் சம்மனசு மாதிரி சிறகு போட்டு, அது போதாதென்று தலையில் மல்லிகைச் சரமும் வைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் அவர் முதல்முறையாகச் சிரித்தார். சுற்றி நின்ற கூட்டமும் சிரித்தது.

புதுக் கார்டுகளை அவருடைய உறைகளில் போட்டுக் கட்டோடு கலந்ததும், கடைக்காரர் கட்டைக் கவிழ்த்து அவர் முன்னாலேயே வைத்தார். "நீங்கதான் நல்லா கண்டுபிடிப்பீங்க. கையால செஞ்சது எதுன்னு எடுங்க பாப்போம்."

அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார், சிலவற்றைச் சுண்டினார். கடைசியில் நிச்சயமாகத் தெரிந்தவர் போலச் சில கார்டுகளை உருவித் திருப்பினார். அத்தனையும் வாங்கியவை. ஒன்றில்கூட என் எழுத்து இல்லை. கோரிமேட்டுப் பிள்ளைகள் மேஜையைத் தட்டிக் கத்தினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வேர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆட்டத்தை ஜன்னல் திறந்தபடியே ஆடினோம். அவர் நன்றாக ஆடுகிறவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். மல்லிகைப்பூ வைத்த தேவதை சீக்கிரமே இறங்கியது. அதன் பின்னால் ஒரு பெரிய படை. என் உயிர் தேய்ந்துகொண்டே வந்தது. இன்னும் ஒரு முறை அவர் கை நீட்டினால் எல்லாம் முடிந்தது. எனக்கு ஒரே ஒரு கார்டு எடுக்க வாய்ப்பு.

கட்டைப் பார்த்தேன். கறுப்பு, சமம், எதுவும் சொல்லாத முதுகு. மேலே இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது. செய்த எனக்கும் தெரியாது. அந்த நேரத்திலும் எனக்கு அது பெருமையாக இருந்தது.

எடுத்தேன். அம்மா முறைத்தாள்.

கடல் நாகத்தை மேஜையில் வைத்தேன். தேவதை, படை, எல்லாவற்றையும் அவர் வாரிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவருக்கு முன்னால் மேஜை துடைத்துவிட்டாற்போல இருந்தது. என்னிடம் இருந்ததையெல்லாம் அனுப்பினேன். அவர் கையிலிருந்த கார்டுகளை ஒரு முறை பார்த்து, கவிழ்த்து வைத்து, எழுந்து நின்று கை கொடுத்தார். அண்ணி போட்ட சத்தத்தில் கீழே தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம். சற்று நேரத்தில் கரண்ட் வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கடைக்காரர் கோப்பையைக் கொடுத்துவிட்டு, "இனிமே இங்க கையால செஞ்ச கார்டுக்குத் தடை இல்ல. அட்டை எங்க கிடைக்கும்னு இவங்ககிட்ட கேட்டுக்குங்க" என்று சொன்னார். பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். காதுகுத்துப் பத்திரிகை அட்டைக்கு வந்த வாழ்வை நினைத்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் இஸ்திரிச் சட்டைக்காரர் எங்களிடம் வந்தார். தேவதைக் கார்டை உறையிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தார்.

"இத நான் எடுத்துக்கலாமா? ஊருக்குக் கொண்டுபோறேன்."

நான் பதில் சொல்வதற்குள் அண்ணி அதை வாங்கி மேஜையில் வைத்தார். பைக்குள் கைவிட்டு, கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு சிறிய மஞ்சள்தூள் பொட்டலம். காலையில் விரலை மட்டும்தான் சோதித்தேன், பையைச் சோதிக்கவில்லை.

"அண்ணி!"

"ஆட்டம் முடிஞ்சிடுச்சு இல்ல பாப்பா. இப்ப யாரு கேக்கறது?"

தம்ளரில் இருந்த தண்ணீரில் விரலை நனைத்து மஞ்சளைக் குழைத்தார். தேவதையின் நான்கு மூலையிலும் பொறுமையாகத் தடவினார். காயும்வரை ஊதி, அவரிடம் நீட்டினார். அவர் உப்பளத்துப் பிள்ளைதானே. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"மஞ்ச தடவிக் குடுத்துட்டீங்க. அடுத்த வக்கான்ஸுக்கு வந்தே ஆவணும்" என்றார்.

"குடும்பத்தோட வாங்க" என்றேன். "மூணு நாள் முன்னாடியே வந்துடுங்க, கார்டு செய்யணும்."